158 பக்க உயில்: பாஸ்டன் வியாபாரி ராபர்ட் கெய்ன் கடைசியாக நடத்திய வழக்கு

உயில் என்றால் இரண்டு, மூன்று பக்கம் இருக்கும். வீடு யாருக்கு, நிலம் யாருக்கு, நகை யாருக்கு என்ற விவரம், கீழே கையெழுத்து, சாட்சிகள். அவ்வளவுதான்.

ஆனால், 1653ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாஸ்டன் நகரில் ஒரு வியாபாரி உயில் எழுத உட்கார்ந்தார். எழுதினார், எழுதினார், மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகு அதைப் பதிவேட்டில் நகல் எடுத்தபோது 158 பக்கங்கள் வந்தன. அதில் சொத்துப் பங்கீடு ஒரு பகுதிதான். மீதியெல்லாம் தன்னிலை விளக்கம். ஊர் தன்னைப் பேராசைக்காரன் என்று சொன்னது தப்பு என்று, செத்த பிறகாவது நிரூபித்துவிட வேண்டும் என்ற தவிப்பு.

அந்த வியாபாரியின் பெயர் ராபர்ட் கெய்ன். அமெரிக்காவின் தொடக்க காலத்தைப் படிக்கும் எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. கடவுளின் சட்டப்படிதான் ஊரை நடத்துவோம் என்று கிளம்பிய ஒரு சமூகத்தில் பணம், பக்தி, குடும்பம், வாரிசு எல்லாம் எப்படிச் சிக்கிக்கொண்டன என்பதற்கு இவர் வாழ்க்கையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த ராபர்ட் கெய்ன்?

1595இல் இங்கிலாந்தின் விண்ட்சர் ஊரில் பிறந்தவர். அப்பா கசாப்புக் கடைக்காரர். வசதியான குடும்பம் கிடையாது. பத்து வயதிலேயே லண்டனில் ஒரு வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பையன் கெட்டிக்காரன். இருபது வயதில் லண்டனின் பெரிய வணிகச் சங்கங்களில் ஒன்றான மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் கம்பெனியில் உறுப்பினராகிவிட்டார்.

1617இல் ஆன் மான்ஸ்ஃபீல்டு என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். ஆனின் அக்கா, தங்கை உறவில் இன்னொரு முக்கியமான தொடர்பும் கிடைத்தது. ஆனின் சகோதரியை மணந்தவர் ஜான் வில்சன் என்ற போதகர். பிற்காலத்தில் பாஸ்டன் முதல் திருச்சபையின் போதகராக இருந்தவர் இதே வில்சன்தான். அதாவது, கெய்னைப் பின்னாளில் விசாரித்த திருச்சபையின் போதகரே அவருக்குச் சகலை.

கெய்ன் பியூரிட்டன் பிரிவைச் சேர்ந்தவர். இங்கிலாந்துத் திருச்சபையில் கத்தோலிக்க வாடை இன்னும் போகவில்லை, அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சொன்னவர்கள் பியூரிட்டன்கள். அரசும் பிஷப்புகளும் நெருக்கடி கொடுத்தபோது, 1630 முதல் ஆயிரக்கணக்கான பியூரிட்டன்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மாசசூசெட்ஸில் குடியேறினார்கள். கெய்ன் 1635இல், நாற்பது வயதில், மனைவியையும் ஒரே மகன் பெஞ்சமினையும் அழைத்துக்கொண்டு டிஃபென்ஸ் என்ற கப்பலில் ஏறினார். பிறந்த பிள்ளைகளில் பிழைத்தது பெஞ்சமின் மட்டும்தான்.

வெறுங்கையோடு வரவில்லை. 2,000 முதல் 3,000 பவுண்டு வரை அவரிடம் இருந்தது. அன்றைய பாஸ்டனுக்கு அது மிகப் பெரிய தொகை. ஊரின் நடு மையத்தில் கடை போட்டார். இங்கிலாந்திலிருந்து சரக்கை இறக்கி விற்றார். 1638இல் தொடங்கிய பாஸ்டன் பீரங்கிப் படைக் குழுவின் முதல் கேப்டனும் அவர்தான். அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 1639 வரை.

அந்த ஊரில் யார் சட்டம்?

கெய்ன் கதைக்குள் போகும் முன், அந்த ஊரின் சட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

மாசசூசெட்ஸில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டும். 1631லேயே இப்படி விதி வந்துவிட்டது. ஜெனரல் கோர்ட் என்று ஒரு சபை. பெயர்தான் கோர்ட். அதுவே சட்டமன்றம், அதுவே உச்ச நீதிமன்றம். கவர்னர், மாஜிஸ்ட்ரேட்டுகள், ஊர்ப் பிரதிநிதிகள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள்.

எழுதி வைத்த சட்டம் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். போதகர் ஜான் காட்டன், மோசேயின் சட்டங்களை அடிப்படையாக வைத்து 1636இல் ஒரு வரைவு கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை. சட்டம் படித்து, பிறகு போதகரான நத்தானியேல் வார்டு தயாரித்த இன்னொரு வரைவு 1641இல் ஏற்கப்பட்டது. உரிமைகளின் தொகுப்பு என்று சொல்லத்தக்க அந்த ஆவணத்தில் வாரிசுச் சட்டமும் இருந்தது. அதன் முக்கிய அம்சங்கள் இவை:

- 21 வயதான, சுயபுத்தியுள்ள எவரும் உயில் எழுதலாம்.
- உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், மூத்த மகனுக்கு இரண்டு பங்கு. மற்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நிலம், பொருள் இரண்டுக்கும் இதே கணக்கு.
- மகன் இல்லாவிட்டால் மகள்களுக்குச் சமமாகப் போகும்.
- கணவன் தன் மனைவிக்குப் போதுமான பங்கு வைக்காமல் இறந்தால், அவள் ஜெனரல் கோர்ட்டில் முறையிட்டு நிவாரணம் பெறலாம்.

இதில் என்ன விசேஷம்? இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குத்தான். தம்பி, தங்கைகளுக்கு நிலத்தில் ஒன்றும் கிடையாது. கென்ட் போன்ற சில இடங்களில் மட்டும் மகன்களுக்குச் சமப் பங்கு என்ற பழைய வழக்கம் இருந்தது. மாசசூசெட்ஸ் இந்த இரண்டையும் விட்டுவிட்டு பைபிளைத் திறந்தது. உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் மூத்தவனுக்கு இரண்டு பங்கு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில், ஆண் வாரிசு இல்லாத செலொப்பியாத்தின் மகள்கள் மோசேயிடம் போய்ப் பங்கு கேட்டு வாங்குகிறார்கள். அந்த வழியில்தான் பாஸ்டன் சட்டமும் போனது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் உயிலை மெய்ப்பிப்பது, கல்யாண வழக்குகளை விசாரிப்பது எல்லாம் திருச்சபை நீதிமன்றங்களின் வேலை. மதத்துக்காகவே நாடு விட்டு வந்த பியூரிட்டன்கள் அந்த நீதிமன்றங்களைக் கூடவே கொண்டு வரவில்லை. உயிலும் கல்யாணமும் சிவில் விவகாரம் என்று முடிவு செய்து, சாதாரண நீதிமன்றத்திடம் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தின் உள்ளடக்கம் பைபிளிலிருந்து வந்தது. அதை நடத்துவது மாஜிஸ்ட்ரேட். இந்த ஏற்பாடு கெய்ன் குடும்பத்தைப் பின்னால் நேரடியாகத் தொட்டது.

ஆணி, பொத்தான், கடிவாளம்: 1639இல் என்ன நடந்தது?

1639 நவம்பரில் ஜெனரல் கோர்ட்டில் கெய்ன் மீது புகார். சரக்கை அநியாய விலைக்கு விற்கிறார் என்று குற்றச்சாட்டு. ஒரு ஷில்லிங் சரக்குக்கு ஆறு பென்னிக்கு மேல் லாபம் வைக்கிறார், அதாவது 50 சதவீதத்துக்கும் மேல். சில பொருட்களில் எட்டு பென்னி. சின்னச் சின்னச் சாமான்களில் இரண்டு மடங்கு. ஆணி, தங்கப் பொத்தான், குதிரைக் கடிவாளம், நூல் என்று பட்டியல் நீண்டது.

ஆணி விஷயத்தில் கணக்குப் புத்தகத்தையே திருத்திவிட்டார் என்றும் சொன்னார்கள். வாங்கியவர் சின்ன ஆணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆணி எடுத்துக்கொண்டார், அதனால்தான் விலை மாறியது என்பது கெய்னின் விளக்கம். பதினான்கு வருடம் கழித்து எழுதிய உயிலில்கூட அந்த ஆணிக் கணக்கை அவர் விடவில்லை.

இவ்வளவு லாபம்தான் வைக்கலாம் என்று அன்றைக்கு அமலில் சட்டம் எதுவும் இல்லை. மற்ற வியாபாரிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் விற்றார்கள். கவர்னர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் இந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறார். பிறகு ஏன் கெய்ன் மட்டும் மாட்டினார்?

அதற்கும் வின்த்ராப் காரணம் எழுதி வைத்திருக்கிறார். கெய்ன் நெடுநாளைய விசுவாசி. மனசாட்சிக்காகக் கடல் தாண்டி வந்தவர். ஏற்கெனவே பணக்காரர். போதாக்குறைக்கு, அவருக்கு ஒரே ஒரு பிள்ளை. நாலைந்து பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லாத மனுஷன் எதற்காக இப்படிச் சம்பாதிக்க வேண்டும் என்று ஊர் கேட்டது. வாரிசு குறைவு என்பதே அங்கே குற்றத்தின் கனத்தைக் கூட்டியது.

ஊர்ப் பிரதிநிதிகள் 200 பவுண்டு அபராதம் கேட்டார்கள். மாஜிஸ்ட்ரேட்டுகள் 100 போதும் என்றார்கள். கடைசியில் அபராதம் 200, ஆனால் இப்போதைக்குப் பாதி கட்டினால் போதும், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று சமரசம். அடுத்த ஆண்டு அது இன்னும் குறைந்து, 80 பவுண்டு அளவில் முடிந்தது.

திருச்சபையில் கண்ணீர்

கோர்ட்டோடு முடியவில்லை. திருச்சபையும் விசாரித்தது. அங்கே அபராதம் கிடையாது, அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு: சபையை விட்டு விலக்குவது. அப்படி விலக்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

கெய்ன் எல்லோர் முன்னாலும் அழுதார். தன் மனசு பேராசையில் விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். கூடவே, தான் பிழையான வியாபாரக் கொள்கைகளை நம்பி வழி தவறியதாகவும் சொன்னார். சபை அவரை விலக்கவில்லை. கண்டனம் செய்து, சில மாதங்கள் கழித்து மன்னித்துச் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பிழையான கொள்கைகள் என்னென்ன என்று போதகர் ஜான் காட்டன் அடுத்து ஒரு பிரசங்கமே செய்தார். முடிந்தவரை அதிகமாக விற்பது, முடிந்தவரை மலிவாக வாங்குவது தப்பு. கடலில் சரக்கு போய்விட்டால் மிச்சச் சரக்கின் விலையை ஏற்றி நஷ்டத்தை ஈடுகட்டுவது தப்பு. அந்த நஷ்டம் கடவுள் உனக்குக் கொடுத்தது, வாங்குபவன் தலையில் கட்டாதே என்பது அவர் வாதம். அடுத்தவரின் அறியாமையையோ அவசரத் தேவையையோ காசாக்குவதும் தப்பு. ஆனால், ஒரு பொருளுக்கே தட்டுப்பாடு வந்தால் விலை ஏற்றலாம். ஏனென்றால் அது அந்தப் பொருளின் மீது கடவுளின் கை.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், வியாபாரியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சோம்பேறித்தனம் பாவம் என்று அதே சபைதான் சொல்கிறது. உன் தொழிலைக் கடவுள் கொடுத்த அழைப்பாக நினைத்து ராப்பகலாக உழை என்கிறது. உழைத்து ஜெயித்தால், இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்கிறது. கெய்ன் வாழ்நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பன்றி, இரண்டு சபைகள்

அடுத்து வந்தது பன்றி வழக்கு. 1636இல் ஊரில் திரிந்த ஒரு பெண் பன்றி கெய்னிடம் வந்து சேர்ந்தது. யாருடையது என்று கேட்டு ஊரில் தண்டோரா போட்டார். ரொம்ப நாள் யாரும் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து ஷெர்மன் என்ற ஏழைப் பெண் வந்து பார்த்தார். அது தன் பன்றி இல்லை என்றார். ஆனால், அதற்குள் கெய்ன் தன் சொந்தப் பன்றி ஒன்றை வெட்டியிருந்தார். வெட்டியதுதான் என் பன்றி என்று அந்தப் பெண் ஆரம்பித்தார்.

திருச்சபை மூப்பர்கள் விசாரித்து கெய்ன் மேல் தப்பில்லை என்றார்கள். நீதிமன்றமும் அப்படியே சொன்னது. அவருக்குச் செலவுத் தொகை 3 பவுண்டு கிடைத்தது. கெய்ன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. திருடன் என்று பேர் பரப்பியதாக எதிர் வழக்குப் போட்டு 20 பவுண்டு நஷ்ட ஈடும் வாங்கினார். ஏழைப் பெண்ணிடம் 20 பவுண்டா என்று ஊரே கொதித்தது. ஏற்கெனவே ஆணி விலையில் கெட்டுப்போன பெயர் வேறு.

1642இல் வழக்கு ஜெனரல் கோர்ட்டுக்குப் போனது. ஒரு பன்றிக்காக ஏழு நாள் விசாரணை. வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் 15 பேரும் மாஜிஸ்ட்ரேட்டுகள் 2 பேரும் ஷெர்மன் பக்கம். மாஜிஸ்ட்ரேட்டுகள் 7 பேரும் பிரதிநிதிகள் 8 பேரும் கெய்ன் பக்கம். மீதி 7 பிரதிநிதிகள் எந்தப் பக்கமும் இல்லை. மொத்தத் தலைகளை எண்ணினால் ஷெர்மனுக்கு வெற்றி. மாஜிஸ்ட்ரேட்டுகளில் பெரும்பான்மை வேண்டும் என்றால் கெய்னுக்கு வெற்றி. எதை எடுத்துக்கொள்வது?

அந்தச் சண்டை முற்றிப்போய், 1644இல் மாஜிஸ்ட்ரேட்டுகளும் பிரதிநிதிகளும் தனித்தனியாக உட்காருவது என்று முடிவானது. மாசசூசெட்ஸில் இன்றும் இருக்கும் இரண்டு அவை முறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மருமகள் விவகாரம்

மகன் பெஞ்சமினுக்கு கெய்ன் பார்த்த சம்பந்தம் சாதாரணமானது இல்லை. பெண் சாரா, காலனியின் கவர்னராகப் பல முறை இருந்த தாமஸ் டட்லியின் மகள். அமெரிக்காவின் முதல் பெண் கவிஞர் என்று அறியப்படும் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் தங்கை. ஒரு பக்கம் பணம், இன்னொரு பக்கம் பதவி. இவர்களுக்கு ஹன்னா என்று ஒரு மகள் பிறந்தாள்.

கல்யாணம் நிலைக்கவில்லை. 1646 வாக்கில் சாரா லண்டனில் ஆண்களும் பெண்களும் கூடிய சபைகளில் பிரசங்கம் செய்வதாக பாஸ்டனுக்குச் செய்தி வந்தது. பெண் பிரசங்கம் செய்வதை அந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பது, 1638இல் ஆன் ஹட்சின்சன் நாடுகடத்தப்பட்டதிலேயே தெரிந்துவிட்டது. பெஞ்சமின் லண்டனிலிருந்து தன் மாமனாருக்கும் போதகர்களுக்கும் கடிதம் எழுதி, இனி சாரா தனக்கு மனைவி இல்லை என்று அறிவித்துவிட்டார்.

1647இல் விவாகரத்து ஆனது. இங்கிலாந்தாக இருந்திருந்தால் மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து கிடைத்திருக்காது. மாசசூசெட்ஸில் கல்யாணம் சிவில் ஒப்பந்தம் என்பதால் முடிந்தது. அதே ஆண்டு பாஸ்டன் திருச்சபை, முறைகேடாகப் பிரசங்கம் செய்தது, ஒழுக்கம் தவறியது ஆகிய காரணங்களைச் சொல்லி சாராவை விலக்கி வைத்தது. பிறகு அவர் பேசி என்பவரை மணந்தார். இந்தக் கதையில் சாரா தன் தரப்பைச் சொல்லி எழுதிய பக்கங்கள் எதுவும் நம் கையில் இல்லை. அவரைப் பற்றித் தெரிவதெல்லாம் அவரை விலக்கியவர்கள் எழுதியதுதான்.

பெஞ்சமின் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். பேத்தி ஹன்னா பாஸ்டனில் தாத்தா, பாட்டியிடம். கெய்னுக்கு மிச்சமிருந்த வாரிசு கிட்டத்தட்ட இந்தப் பேத்திதான்.

இதற்கிடையில் கெய்னுக்கு இன்னொரு அடி. நீதிபதிப் பொறுப்பில் இருந்தவர், 1652இல் குடிபோதையில் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு அந்தப் பதவியையும் இழந்தார். அடுத்த வருடம்தான் பேனாவை எடுத்தார்.

உயிலில் என்னதான் இருந்தது?

அவருக்கு உயில் கட்டாயமில்லை. உயில் இல்லாமல் இறந்திருந்தாலும் மனைவிக்கும் ஒரே மகனுக்கும் சட்டப்படி போக வேண்டியது போயிருக்கும். மூத்தவனுக்கு இரட்டைப் பங்கா என்ற பிரச்சினையே ஒற்றைப் பிள்ளை வீட்டில் கிடையாது. ஆனால், அவர் செய்ய நினைத்தவற்றில் பலவற்றைச் சட்டம் தானாகச் செய்து தராது.

முதலாவது, பேத்தியின் பங்குக்குப் பாதுகாப்பு. ஹன்னாவுக்கு எழுதி வைக்கும் பணம் எந்த வழியிலும் அவள் அம்மா சாரா கைக்குப் போய்விடக் கூடாது என்பதில் கெய்ன் குறியாக இருந்தார். முன்னாள் மருமகள் மீதிருந்த கோபத்தையும் மறைக்கவில்லை. அகங்காரம் பிடித்தவள், பெரியவர்களுக்கு அடங்காதவள் என்ற பொருளில் கடுமையாகவே எழுதினார்.

இரண்டாவது, ஊருக்குக் கொடை. பாஸ்டன் நகரத்துக்கு 300 பவுண்டு. அதை வைத்து ஒரு சந்தைக் கட்டடமும், தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் தொட்டியும் கட்ட வேண்டும். வெளியூரிலிருந்து தானியமும் காய்கறியும் கொண்டுவரும் ஜனங்கள் மழையிலும் குளிரிலும் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்று காரணம் சொன்னார். மேலே நீதிமன்றத்துக்கு, நூலகத்துக்கு, வியாபாரிகள் கூடிப் பேசுவதற்கு அறைகள். எந்த அறை எதற்கு என்று பக்கம் பக்கமாக விவரித்தார். ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுண்டு. ஏழைகளுக்கு, பள்ளிக்கு, பீரங்கிப் படைக் குழுவுக்கு எனத் தனித்தனியாகத் தொகை. தன் வீட்டில் அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களுக்கும் சிறு தொகைகள் எழுதினார். மனசாட்சியை இவ்வளவு தோண்டிப் பார்த்த மனிதர், மனிதர்களைச் சொத்தாக வைத்திருப்பது பற்றி அந்த நீண்ட உயிலில் கலங்கியதாகத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் உயிலை இவ்வளவு நீளமாக்கியது: தன் பெயருக்கு ஏற்பட்ட களங்கம். 1639 தீர்ப்பு அநியாயம் என்று வரிவரியாக வாதாடினார். ஆணிக்கு என்ன விலை, பொத்தானுக்கு என்ன விலை, கடிவாளத்துக்கு என்ன விலை, எல்லாம் மறுபடி வந்தது. தன்னைவிட அதிகமாக விற்றவர்கள் தண்டனையே இல்லாமல் போனார்கள் என்று குமுறினார். திருச்சபையில் அன்று தான் அழுதது உண்மையான மனஸ்தாபம்தான், ஆனால் அதை வைத்துக் கோர்ட் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது என்பது அவர் நிலை.

தான் சோம்பேறியாக இருந்ததில்லை என்பதற்குக் கணக்குப் புத்தகங்களையே சாட்சிக்கு அழைத்தார். வரவுக்கு ஒரு புத்தகம், கடனுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, வீட்டுச் செலவுக்கு ஒன்று என்று எதில் என்ன இருக்கிறது என்றெல்லாம் விளக்கினார். பல ஆண்டுகளாக, லாபத்தில் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ஒரு பென்னியை எடுத்துத் தனிப் பெட்டியில் ஏழைகளுக்காகப் போட்டு வந்ததையும் சொன்னார். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கிட்டத்தட்ட எட்டு சதவீதம்.

கடன்பட்டவர்கள், கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் ஒரு பக்கம், கடவுளிடம் கணக்கு ஒப்படைப்பது இன்னொரு பக்கம். வியாபாரியின் பேரேடும் விசுவாசியின் பாவ அறிக்கையும் ஒரே தாளில் கலந்த மாதிரி இருக்கிறது இந்த உயில். 1960களில் வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பெய்லின் இதைப் பதிப்பித்த பிறகு, பியூரிட்டன்களின் பொருளாதார வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு இது முக்கியமான ஆவணமாகிவிட்டது.

அவர் நினைத்தது நடந்ததா?

1656 மார்ச் மாதம் கெய்ன் இறந்தார்.

குடும்ப விஷயத்தில் அவர் போட்ட வேலி தாங்கவில்லை. பேத்தி ஹன்னா 1657இல் எட்வர்டு லேன் என்ற வியாபாரியை மணந்தார். அந்தக் கல்யாணமும் நீதிமன்றம் வரை போனது. பிறகு நிக்கோலஸ் பேஜ் என்பவருடன் மறுமணம். கெய்னின் மனைவி ஆன், சாமுவேல் கோல் என்பவரை மணந்துகொண்டார். பெஞ்சமின் பாஸ்டனுக்குத் திரும்பி வந்து அப்பாவின் இடத்தில் உட்காரவே இல்லை. 1660களின் தொடக்கத்தில் இறந்துவிட்டார். சொத்து யார் கையில் இருக்க வேண்டும் என்ற தகராறு வருடக்கணக்கில் நீடித்தது. எல்லாவற்றையும் யோசித்து 158 பக்கம் எழுதியவரின் சொத்துக்கும், ஒரு வரிகூட எழுதாமல் போனவர்களின் சொத்துக்கு வருகிற மாதிரியே வழக்கு வந்தது.

ஊருக்குக் கொடுத்தது மட்டும் நின்றது. 300 பவுண்டு போதவில்லை. ஊர்க்காரர்களும் பணம் போட்டார்கள். 1658இல் தூண்கள் மேல் நிற்கும் மரக் கட்டடம் எழுந்தது. கீழே சந்தை, மேலே நீதிமன்றமும் சபையும். அவரைத் தண்டித்த ஜெனரல் கோர்ட், அவர் பணத்தில் எழுந்த கூரையின் கீழேயே கூட ஆரம்பித்தது.

1711இல் நடந்த பெரிய தீ விபத்தில் அந்தக் கட்டடம் எரிந்துவிட்டது. அதே இடத்தில் 1713இல் செங்கல் கட்டடம் வந்தது. இன்று பழைய மாநில மாளிகை என்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்ப்பது அதைத்தான். 1770இல் அதன் வாசலில்தான் பாஸ்டன் படுகொலை நடந்தது. 1776 ஜூலை 18 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை பாஸ்டன் மக்களுக்கு வாசித்துக் காட்டியதும் அதன் பால்கனியிலிருந்துதான்.

இரட்டைப் பங்கு என்ன ஆனது?

பைபிளிலிருந்து எடுத்த அந்த வாரிசு விதி, கெய்ன் காலத்துக்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. ஆனால், சோதனை வராமல் இல்லை.

கவர்னர் வின்த்ராப்பின் கொள்ளுப்பேரன் ஒருவர், அவர் பெயரும் ஜான் வின்த்ராப்தான், கனெக்டிகட் காலனியில் தன் சகோதரிக்கு நிலத்தில் பங்கு தர மறுத்தார். இங்கிலாந்துச் சட்டப்படி எல்லா நிலமும் ஒரே ஆண் வாரிசான தனக்கே என்று லண்டனில் மன்னரின் பிரிவி கவுன்சில் வரை போனார். 1728இல் ஜெயித்தும் விட்டார். கனெக்டிகட்டின் வாரிசுச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு. மகள்களும் இளைய மகன்களும் ஏற்கெனவே வாங்கியிருந்த நிலங்களுக்கெல்லாம் என்ன கதி என்று நியூ இங்கிலாந்து முழுக்கப் பயம். பத்து வருடம் கழித்து, 1738இல், மாசசூசெட்ஸிலிருந்து போன இதே மாதிரி வழக்கில் அதே பிரிவி கவுன்சில் மாசசூசெட்ஸ் சட்டம் செல்லும் என்றது. அதற்குப் பிறகுதான் குடும்பங்களுக்கு மூச்சு வந்தது.

மூத்த மகனுக்கு இரண்டு பங்கு என்பதை மாசசூசெட்ஸ் 1789இல் நீக்கியது. சுதந்திரம் அடைந்த குடியரசில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமப் பங்கு என்றானது.

கெய்ன் கேட்ட தீர்ப்பு மட்டும் கடைசி வரை வரவில்லை. 1639 முடிவைத் தப்பு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த உயிலைப் படிக்கிறவர்களிலும் பாதிப் பேர் அவரைப் பாவம் என்கிறார்கள், பாதிப் பேர் ஊர் சொன்னது சரிதான் என்கிறார்கள். ஆணிக்கு அவர் போட்ட விலை அதிகமா இல்லையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.